போலீஸ் காவலுடன் பள்ளிக்கூடம் போன சிறுமி

1960-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம்.

ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் கார் வந்து நின்றது. மத்திய அரசின் காவல் அதிகாரிகள் 4 பேர் இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே 6 வயதுச் சிறுமி ஒருத்தி நடந்து போனாள்.

வாசலில் பெருங்கூட்டம். ஒரே கூச்சல். ஏதோ திருவிழா என்றுதான் குழந்தை நினைத்தாள்.

அவள் பெயர் ரூபி பிரிட்ஜஸ். கறுப்பினப் பெண். அந்தப் பள்ளியில் அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1954-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. ரூபி பிறந்ததும் அதே ஆண்டுதான். தீர்ப்பு அவளிடம் வந்து சேர 6 ஆண்டு ஆயிற்று.

ஒரே மாணவி

வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற டீச்சர் மட்டுமே ரூபிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். காலி வகுப்பில் ஒரு டீச்சர், ஒரு மாணவி. இருவரும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை

விஷம் வைத்துவிடுவதாக ஒரு பெண் வாசலில் நின்று மிரட்டினாள். இன்னொருத்தி சின்ன சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டினாள். ரூபி தூக்கத்தில் பயந்து விழித்தாள். மதியச் சாப்பாட்டைத் தின்னாமல் அலமாரியில் ஒளித்து வைத்தாள். விஷயம் தெரிந்ததும் டீச்சர் அவளுடன் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல டாக்டர் அடிக்கடி வீட்டுக்கு வந்து அவளைப் படம் வரையச் சொன்னார். வெள்ளைக்காரர்களை ரூபி பெரிதாக, முழுசாக வரைந்தாள். கறுப்பர்களைச் சிறிதாக, அங்கம் குறைத்து வரைந்தாள். பிஞ்சு மனதில் விழுந்த காயம் அந்தத் தாளில் தெரிந்தது.

வேலை போனது

பெட்ரோல் பங்க்கில் இருந்த அப்பாவின் வேலை பறிபோனது. மிசிசிப்பியில் வாரத்துக்குப் பயிர் செய்த தாத்தா, பாட்டியை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். அக்கம்பக்கத்தார் கைவிடவில்லை. ஒருவர் அப்பாவுக்கு வேலை கொடுத்தார். சிலர் வீட்டுக்குக் காவல் இருந்தார்கள். சிலர் ரூபியின் காருக்குப் பின்னால் நடந்தே போனார்கள்.

நிறம்தான் காரணம் என்பது ரூபிக்கு முதலில் தெரியாது. உன்னோடு விளையாடக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் காரணத்தோடு சொன்னபோதுதான் புரிந்தது. அவனாக வெறுக்கவில்லை. வீட்டில் கேட்டதைச் சொன்னான்.

மறு ஆண்டு காவலும் இல்லை, கூட்டமும் இல்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1990-களில் ரூபி அதே பள்ளிக்குத் திரும்பிப் போனார். பெற்றோருக்கும் பள்ளிக்கும் பாலமாக, சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்.

நிறத்தைச் சொல்லி ஏசுவதைக் குழந்தை வீட்டில்தான் கற்கிறது. ஏசக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்கவேண்டும்.