வீதி கூட்டும் யந்திரம்

வீதி கூட்டும் யந்திரம் நேற்று முளைத்த புதுமையன்று. 1840-களிலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியியலறிஞர், குதிரை இழுக்கும் கூட்டுவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். சக்கரம் உருளும்போதே துடைப்பங்கள் பொருத்திய சங்கிலியும் சுழன்று, குப்பையை வாரித் தொட்டியில் சேர்த்தது. அந்நாளைய குப்பையில் குதிரை லத்திக்கும் பெரும் பங்கு உண்டு. தான் போட்டதைத் தானே சுமந்த குதிரை அது! 1896-இல் அமெரிக்காவில் சார்லஸ் புரூக்ஸ் என்னும் கறுப்பினத்தவர், சுழலும் தூரிகைகள் கொண்ட வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மோட்டார் வந்தது.

இன்று டில்லி, மும்பை போன்ற நகரங்களில் நாம் காணும் வண்டிகளில், ஓரத்துத் தூரிகை விளிம்புக் கல்லை ஒட்டிய மண்ணை உள்ளே தள்ளுகிறது. தெளிக்கும் நீர் புழுதியை அடக்குகிறது. உறிஞ்சுகுழல் அதனைத் தொட்டிக்குள் இழுத்துக்கொள்கிறது. இவற்றுள் நீரை அற்பமாக எண்ணலாகாது. உலர்ந்த தூரிகையால் கூட்டினால் குப்பை அகலும். நுண்தூசியோ மேலெழுந்து வழிப்போக்கர் நெஞ்சில் குடியேறும். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நிதியிலிருந்தும் இவ்வண்டிகள் வாங்கப்பட்டுள்ளன. காற்றுக்காக வாங்கிய வண்டி காற்றைக் கெடுத்தல் தகுமோ?

யந்திரம் வந்தால் கூட்டுவோர் பிழைப்புப் போய்விடும் என்று அன்பர் பலர் அஞ்சுகின்றனர். இவ்வண்டிக்குச் சமமான தளம் வேண்டும். ஓரத்தில் கார்கள் நிற்கலாகாது. நாம் குடியிருக்கும் சந்துகளில் இவ்விரண்டும் ஏது? அங்கே துடைப்பத்திற்கு வேலை உண்டு. பெருஞ்சாலையின் நிலை வேறு. விரையும் லாரிகளுக்கருகே குனிந்து கூட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அதனை யந்திரத்திடம் விடுவதில் நாம் குறை காணவில்லை. ஆனால், வண்டியின் ஆசனத்தில் அமர்பவர் யார் என்று கேட்க வேண்டும். நெடுநாள் துடைப்பம் பிடித்தவரை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தக்காரர் புதிதாக ஒருவரை அழைத்து வந்தால், அது யந்திரத்தின் குற்றமன்று.

ரயில் நிலையங்களிலும் தளம் தேய்க்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. நாம் பணிபுரியும் நிலையத்தில், முன்பு துடைப்பமும் வாளியுமாய்ப் பிளாட்பாரத்தைக் கழுவிய அம்மையார் ஒருவரே இன்று அதில் அமர்ந்து ஓட்டுகிறார். பழகுவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று வினவினோம். "நாலு நாள்" என்றார்.