வால்சக்கர விமானமும் தரைச்சுழற்சியும்

விமான விபத்து என்றால் வானத்திலிருந்து விழுவதுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் சிறிய விமானங்களில் ஒரு வகை உண்டு. அதற்குப் பத்திரமாகத் தரையைத் தொட்ட பிறகுதான் சோதனையே ஆரம்பம். நான் வியாபாரி, பைலட் இல்லை. புத்தகங்களைப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் விமானம் ஓட்டக் கற்கப் போகிறார்கள். ஆகவே இது பெற்றோர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். இதுதான் வால்சக்கர விமானம். தரையில் நிற்கும்போது மூக்கு மேலே பார்த்திருக்கும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த ‘புஸ் மாத்’ விமானமும் வால் தரையில் படிந்து நிற்கும் வகைதான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசேர்த்தார். நாம் வாழும் இந்தப் பெங்களூரில் உருவாகி 1951-இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், 1958-இல் பறந்த ‘புஷ்பக்’ என்ற இரண்டு இருக்கை விமானமும் வால்சக்கரம் கொண்டவையே. நம் நாட்டுப் பறக்கும் சங்கங்களில் எத்தனையோ பேர் புஷ்பக்கில்தான் பழகினார்கள்.

இதில் என்ன சிக்கல்? மூட்டை ஏற்றிய கைவண்டியை முன்னால் நின்று இழுத்தால் அது பேசாமல் பின்னால் வரும். அதையே பின்னாலிருந்து ஒற்றைக் கையால் தள்ளிப் பாருங்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பப் பார்க்கும். வால்சக்கர விமானத்தின் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் சற்றுக் கோணலாகத் தரையைத் தொட்டால், சக்கரங்கள் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் உள்ள எடையோ பழைய திசையிலேயே போகப் பார்க்கும். அதனால் வால் முன்னைவிட அதிகமாக விலகும். கோணல் தானாகவே வளரும். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் எதுவும் செய்ய முடியாது. விமானம் பம்பரம்போல் சுற்றி, வெளிப்பக்கத்து இறக்கை தரையில் இடித்து, சக்கரக் கால் மடங்கிவிடும். இதைத்தான் ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள்; தமிழில் தரைச்சுழற்சி எனலாம்.

பக்கக்காற்று அடித்தால் இன்னும் கஷ்டம். செங்குத்தான வால் காற்றுக்கு விலக, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். வேகம் குறையக் குறைய வாலிலுள்ள சுக்கானுக்கும் பலம் குறையும். வால் தாழ்ந்ததும் மூக்கு மறைப்பதால் நேர் எதிரே பாதையும் சரியாகத் தெரியாது. பயந்துபோய் பிரேக்கை அழுத்தினால் மூக்குக் குத்தி, சுழல்விசிறி தரையில் மோதும். பெரிய சக்கரங்கள் தரையில் பலமாக மோதினாலும் தொல்லைதான். வால் கீழே இறங்க, இறக்கைக்குத் தூக்கும் விசை கூடி, விமானம் மறுபடி எகிறும்.

இதற்கு மருந்து, தொடும்போதே மூக்கும் போகும் திசையும் ஒன்றாக இருப்பது. கால்மிதியைச் சிறுசிறு அளவில், உடனுக்குடன் அழுத்தி, உடனே தளர்த்த வேண்டும். காற்று வரும் பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்ளாதபடி கைப்பிடியை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். சரிவரவில்லை என்று தோன்றினால், கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே எஞ்சினை முடுக்கி மேலே ஏறி, திரும்பவும் இறங்க வருவதே புத்திசாலித்தனம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. விமானம் முழுதாக நிற்கும்வரை கால் ஓயக்கூடாது.

மூக்குச்சக்கர விமானத்தில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வருகிறது. சிறு கோணல் தானே நேராகிவிடும். செஸ்னா கம்பெனியின் 170 வால்சக்கர விமானம். அதன் வழியில் மூக்குச்சக்கரத்தோடு 1956-இல் விற்பனைக்கு வந்த 172, இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. இன்று பெரும்பாலான மாணவர்கள் இம்மாதிரி விமானத்தில்தான் பழகுகிறார்கள். அதனால்தான் பழைய விமானத்தில் ஏறும்போது அவர்கள் கால் சோம்பலாக இருக்கிறது. அமெரிக்காவில் 1991 ஏப்ரல் 15-க்கு முன் பொறுப்பு பைலட்டாக வால்சக்கர விமானம் ஓட்டியிராதவர்கள், தனிப்பயிற்சி பெற்று ஆசிரியரின் கையொப்பம் வாங்கினால்தான் அதைத் தாமே ஓட்டலாம்.

ஆகவே, லைசென்ஸ் வாங்கிவிட்ட உங்கள் மகனோ மகளோ அப்படி ஒரு விமானத்தை ஓட்டப்போவதாகச் சொன்னால், “ஆசிரியரோடு உட்கார்ந்து இதற்கென்று தனியாகப் பழகினாயா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.