துணிக்கும் முகம் உண்டு



நவராத்திரி வந்தால் கொலுப் படியில் தெய்வங்களோடு தேசத் தலைவர்களையும் வைப்பது நம் பக்கத்து வழக்கம். காந்தி, நேரு, பாரதியார் என்று மார்பளவுச் சிலைகள் வரும். பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களில் மண்ணிலும் காகிதக் கூழிலும் இவற்றைச் செய்து வண்ணம் தீட்டுகிறார்கள். அடுத்த முறை ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் உற்றுப் பாருங்கள். முகத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள். கண்ணில் ஒளிப்புள்ளி, உதட்டில் சிவப்பு, மீசையில் முடி முடியாகக் கோடு. கழுத்துக்குக் கீழே வாருங்கள்! சட்டை என்றால் ஒரே வெள்ளைப் பூச்சு, கோட்டு என்றால் ஒரே கறுப்புப் பூச்சு. அதனால்தான் எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் பொம்மை பொம்மையாகவே நிற்கிறது.

துணியைத் துணியாகத் தெரிய வைப்பது எப்படி? இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். இயந்திரவியல் படிக்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. விடுமுறையில் ஒரு பொம்மைப் பட்டறையில் வண்ணம் தீட்டி வருகிற கூலியில்தான் என் தேர்வுக் கட்டணம் போகிறது. இரண்டாவது, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அம்மா தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறார். வண்ணம் கலப்பதைப் பட்டறையில் கற்றேன். துணி என்றால் என்ன என்பதை அம்மாவிடம் கற்றேன். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்குப் பாரதியார் சிலையை எடுத்துக்கொள்வோம். 1882-இல் பிறந்து 1921-இல் மறைந்த அந்த மகாகவியின் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் சிலவே உள்ளன. நம் மனத்தில் பதிந்திருப்பது வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும். வண்ணம் தீட்டுகிறவனுக்கு மிகக் கடினமான இரண்டு நிறங்கள் இவைதாம்! இவற்றை முடித்துவிட்டால் மற்ற நிறம் எல்லாம் சுலபம்.

1. முதலில் அளவு

நிஜ மனிதனின் முகம் முகவாயிலிருந்து நெற்றி மேல்வரை சுமார் 18 செ.மீ. நம் பொம்மையில் அது 2 செ.மீ. என்று வையுங்கள். ஆக அளவுகோல் 1:9. இனி எல்லாவற்றையும் 9-ஆல் வகுக்க வேண்டும்.

பருத்தித் துணியில் ஓர் அங்குலத்துக்கு 60 இழை என்றால், ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 0.42 மி.மீ. அதை 9-ஆல் வகுத்தால் 0.05 மி.மீ. கூட வராது. தலைமுடியை விட மெல்லியது! ஆகவே இழை இழையாக வரையப் பார்ப்பது வீண் வேலை. இழை இருப்பது போன்ற எண்ணத்தைத்தான் உண்டாக்க முடியும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அச்சில் வார்த்த பொம்மையில் தலைப்பாகை மடிப்பின் விளிம்பு குறைந்தது அரை மில்லி மீட்டர் கனம் இருக்கும். நிஜ அளவில் அது 4.5 மி.மீ. அது தலைப்பாகைத் துணி அல்ல, ஜமக்காளம்! அந்த ஜமக்காளத்தை மல் துணியாக்கிக் காட்டுவது தூரிகையின் பொறுப்பு. விளிம்பின் உச்சியில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடு போட்டு, அதன் கீழ்ப் பாதியை நிழலோடு கலந்துவிட்டால், கண் அந்தக் கோட்டை மட்டுமே துணியின் கனமாக எடுத்துக்கொள்ளும்.

2. மடிப்பு என்பது விசை

நாம் படித்த பயன்முறை இயக்கவியல் இங்கே உதவுகிறது. துணி இழுவிசையைத் தாங்கும். அழுத்து விசையைத் தாங்காது. அழுத்தினால் உடனே மடங்கிவிடும். எனவே எந்த மடிப்பைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எது இழுக்கிறது?

கோட்டில் பொத்தான் ஒரு பிடிப்பு. அங்கிருந்து மடிப்புகள் விசிறி போல அக்குளை நோக்கி ஓடும். தோள் இன்னொரு பிடிப்பு. அங்கிருந்து புவியீர்ப்பு இழுப்பதால் குழாய் குழாயாக நேர்கீழே இறங்கும். கழுத்துத் துண்டு இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே தொங்குவதால் தொட்டில் போல வளையும். தலைப்பாகை சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டியது. எனவே மடிப்புகள் சுருளாக ஓடி, செருகிய இடத்தில் போய் நெருங்கிச் சேரும். இழுவிசை கூடுகிற இடத்தில் மடிப்பு மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். குறைகிற இடத்தில் அகலமாகித் தளர்ந்துவிடும்.

மடிப்புக்கு இன்னொரு காரணம் கஞ்சி. இதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா ஒரே வரியில் சொன்னார்: "கஞ்சி போட்டது ஒடியும்டா தம்பி, போடாதது விழும்." கஞ்சி போட்ட கதர் காகிதம் போலக் கூரிய விளிம்போடு மடங்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு ஒரே வெட்டில் மாற வேண்டும். பழகிய மெல்லிய வேட்டித் துணி உருண்டையாக விழும். அங்கே வெளிச்சம் மெதுவாக மங்க வேண்டும். தூரிகை எடுக்கும் முன் இது எந்தத் துணி என்று முடிவு செய்யாவிட்டால் எல்லாத் துணியும் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இந்தப் பாடம் புதிதல்ல. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லியோனார்டோ டா வின்சி களிமண் உருவத்தின் மேல் குழம்பில் நனைத்த துணியைப் போர்த்தி, அது காய்ந்தபின் அதன் மடிப்புகளைப் பார்த்து வரைந்து பழகினார் என்று வசாரி எழுதியிருக்கிறார். நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளோ இதற்கு நேர் எதிர். அங்கே ஆடை உடலோடு ஒட்டி நிற்கும். சில கோடுகளும் கரையும் மட்டுமே துணியைச் சொல்லும். இரண்டும் இரண்டு வழி. நாம் செய்யப்போவது முதல் வழி.

3. வெளிச்சத்தை எழுதி வைத்தல்

வீட்டில் டியூப் லைட் வெளிச்சம் சுவரில் பட்டு நாலாபுறமும் தெறித்து வருகிறது. ஒரு மில்லி மீட்டர் ஆழமுள்ள மடிப்பில் அந்த வெளிச்சத்தால் அழுத்தமான நிழல் விழாது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் நாமே வண்ணத்தால் எழுதி வைக்க வேண்டும்.

கட்டட வரைபடத்தில் நிழல் போடும்போது வெளிச்சம் இடது மேல்புறத்திலிருந்து 45 டிகிரியில் வருவதாக வைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதையே இங்கும் கையாளுங்கள். அடிப்பூச்சு காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு பல்பை அந்தக் கோணத்தில் பிடியுங்கள். எந்த மேடு மின்னுகிறது, எந்தப் பள்ளம் இருள்கிறது என்று தெரியும். செல்போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வரைபடம். வேலை முடியும்வரை வெளிச்சத்தின் திசையை மாற்றவே கூடாது.

4. வெள்ளைத் தலைப்பாகை

வெள்ளைத் துணிக்கு வெள்ளை பூசினால் அதற்குமேல் போக இடமில்லை. வெளிச்சம் காட்ட எதை எடுப்பீர்கள்? எனவே சாம்பலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"வெள்ளை வெள்ளையா இருக்காதுடா. நீலம் போட்டாத்தான் வெள்ளை" என்பார் அம்மா. இதில் அறிவியல் இருக்கிறது. பருத்தி நாளாக ஆக மஞ்சள் பூக்கும். நீலம் மஞ்சளை ஈடுகட்டுவதால் நம் கண்ணுக்கு வெள்ளை கூடுதலாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் சலவைக்குப் போட்ட நீலக்கட்டியில் இருந்ததும் ஓவியன் தட்டில் இருக்கிற அல்ட்ராமெரின் நீலமும் ஒரே பொருள்தான்!

செய்முறை இதோ. அக்ரிலிக் வண்ணத்தில் அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் கலந்தால் ஓர் ஆழ்ந்த இருள் நிறம் கிடைக்கும். வெள்ளையில் இதைச் சிறிதளவு சேர்த்தால் இளஞ்சாம்பல். இதுவே அடிப்பூச்சு. பள்ளங்களுக்கு இருளைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேடுகளுக்கு வெள்ளையைக் கூட்டி, கடுகளவு மஞ்சள் காவி சேருங்கள். வெயில் படும் பக்கம் இளமஞ்சள், நிழல் பக்கம் நீலச் சாம்பல் என்று வந்தால் துணி உயிர் பெறும். கலப்பில்லாத வெள்ளை மூன்று நான்கு விளிம்புகளுக்கு மட்டும்.

வண்ணம் 1 பங்குக்குத் தண்ணீர் 2 பங்கு. தூரிகையை நனைத்ததும் ஒரு துணியில் ஒற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளம் கட்டிவிடும். தீற்றல் முடிகிற இடத்தில்தான் நிறம் சேரும். ஆகவே நிழல் போடும்போது தூரிகை பள்ளத்தை நோக்கியும், வெளிச்சம் போடும்போது மேட்டை நோக்கியும் ஓட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. நாலைந்து மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சை விட மேல். பூச்சுகளின் கோடுகள் தலைப்பாகை சுற்றிய திசையிலேயே போகட்டும். கண் அவற்றை இழை என்று படித்துக்கொள்ளும்.

5. கறுப்புக் கோட்டு

இங்கே கணக்கு தலைகீழ். வெள்ளையில் பெரும்பகுதி வெளிர், நிழல் கொஞ்சம். கறுப்பில் பெரும்பகுதி இருள், வெளிச்சம் கொஞ்சம். கறுப்போடு பர்ன்ட் அம்பர் கலந்து அடிப்பூச்சு போடுங்கள். தோள், காலர் விளிம்பு, மடிப்பு முதுகு ஆகிய இடங்களில் மட்டும் சாம்பலை ஏற்றுங்கள். நடுச் சாம்பலுக்கு மேல் போனீர்களானால் அது சாம்பல் கோட்டு ஆகிவிடும், ஜாக்கிரதை!

கம்பளித் துணி ஒளியைச் சிதறடிக்கும், பளபளக்காது. எனவே வெளிச்சத்தைக் கோடாகப் போடாமல், முடி விரிந்த பழைய தூரிகையால் பொட்டுப் பொட்டாக ஒற்றுங்கள். பட்டாக இருந்தால் வேறு முறை. வெளிச்சம் ஒடுக்கமாக, கூர்மையாக, இருளுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். துணியின் வகையைச் சொல்வதில் நிறத்துக்கு இருக்கும் பங்கை விட, வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மாறும் வேகத்துக்கு இருக்கும் பங்கு அதிகம். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

தையல் ஓரத்தில் மயிரிழைக் கறுப்புக் கோடு, அதை ஒட்டி மேலே ஒரு மங்கலான வெளிர்க் கோடு. இரண்டு கோட்டில் தையல் வந்துவிடும். கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். பளபள வார்னிஷ் அடித்தால் இத்தனை நேரம் எழுதிய நிழல் எல்லாம் ஒரே மினுக்கலில் மறைந்து போகும்.

6. உடுத்தியவரின் கதை

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

"காலரப் பாத்தா ஆளு வெயில்ல நிக்கிறவரா, ஃபேனுக்கு அடியில உக்கார்றவரான்னு சொல்லிடுவேன்" என்பார் அம்மா. உண்மைதான். காலரின் உள்மடிப்பில் வியர்வைப் பழுப்பு, பை வைத்துத் தேய்ந்த தோள், கைப்பட்டு மினுங்கும் பொத்தான் ஓரம், வெயிலில் வெளுத்த முதுகு என்று துணியில் ஒரு மனிதனின் உழைப்பு எழுதியிருக்கிறது. முப்பது வருடமாக அதைப் படித்து வருகிறவர் கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த என் அம்மா.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் பணக் கஷ்டத்தோடு வாழ்ந்தவர். அவருக்குக் கடையிலிருந்து அன்றுதான் வாங்கியது போன்ற கோட்டைப் போர்த்தினால் அது அவருடைய கோட்டாகுமா? கறுப்புச் சாயம் வெயிலில் பழுப்படிக்கும். எனவே தோளின் வெளிச்சத்தில் நான் நீலச் சாம்பலுக்குப் பதில் பழுப்புச் சாம்பல் போடுகிறேன். காலர் விளிம்பில் தேய்மானத்துக்கு ஒரு மெல்லிய கோடு. தலைப்பாகையில் நெற்றியைத் தொடும் ஓரத்தில் மட்டும் நீர்த்த பழுப்பு ஒரு பூச்சு. அளவு மீறினால் அழுக்குச் சிலை ஆகிவிடும். பார்ப்பவர் கண்டுபிடிக்கக் கூடாது. ஆனால் உணர வேண்டும்.

பட்டறை மேஸ்திரி ஆரம்பத்தில், "முகத்தப் பாத்துத்தான் வாங்குறாங்க தம்பி, துணிக்கு இவ்ளோ நேரமா?" என்றார். இப்போது துணி வேலைக்கு என்றே தனியாகச் சில சிலைகளை ஒதுக்கி வைக்கிறார். அதற்குக் கூலி ஒன்றரை மடங்கு. கூலி கூடியது ஒருபுறம் இருக்கட்டும். முடித்த சிலையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டின் தோளைப் பார்த்து, "இது நாலஞ்சு வருஷம் போட்ட துணிடா" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலும் ஒரு தொழில் இருக்கிறது. தறி, கொல்லு, தையல், சமையல், சித்தாள் வேலை என்று. அதைப் படிப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கி வைக்கிறோம். படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனா தயங்குகிறது. ஆனால் விசை, இழுவிசை, நிறச் சேர்க்கை என்று வகுப்பில் நாம் பெயர் சொல்லிப் படிப்பதை அவர்கள் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயரை நாம் சொல்லிக் கொடுப்போம். பொருளை அவர்களிடம் கேட்டுக்கொள்வோம்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. சிலை வாங்கச் செலவழிக்க வேண்டாம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஆணியில் மாட்டுங்கள். ஒரு பல்பு, ஒரு பென்சில் போதும். எது பிடிக்கிறது, எது இழுக்கிறது என்று பார்த்துப் பத்து நாள் வரையுங்கள். பதினோராம் நாள் தெருவில் போகிறவர்களின் சட்டையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.