கண் கண்டதும் நா சொன்னதும்

கடையில் நம் மனத்தைக் கவர்ந்த புடைவை வீட்டுக்கு வந்து சேர்கிறது. பெரியம்மா விரித்துப் பார்த்து, "நிறம் கொஞ்சம் மங்கல்" என்கிறார். அயல்வீட்டு மாமியும் அதையே சொல்கிறார். அரைமணி நேரம் செல்லுமுன் நமக்கும் அது மங்கலாகவே தோன்றத் தொடங்கிவிடுகிறது. புடைவையின் சாயம் போய்விடவில்லை. அவ்வாறாயின் மாறியது எது? நமது கண்ணா? அன்றிப் பெரியவர்கள் முன்னிலையில் மறுத்துரைக்கத் துணியாத நமது நாவா?

இதனைப் புடைவை கொண்டன்றி வெறுங் கோடுகளைக் கொண்டு ஆராய்ந்தவர் சொலமன் ஆஷ் என்னும் மனோதத்துவப் பேராசிரியர். 1907 இல் போலந்து நாட்டின் வார்சோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1920 இல் அமெரிக்காவிற் குடியேறியவர். சிறு வயதிற் பாஸ்கா இரவு விருந்தில் நிகழ்ந்ததொன்றை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பாட்டியார் ஒரு கிண்ணத்தில் மேலதிகமாகத் திராட்சமது வார்க்கிறார். யாருக்கென்று பிள்ளை கேட்க, எலியா தீர்க்கதரிசிக்கென்றும், அவர் வந்து ஒரு மிடறு அருந்துவதை உற்றுப் பார்த்தாற் காணலாமென்றும் விடை கிடைக்கிறது. பிள்ளை உற்றுப் பார்த்தது. மது சற்றே குறைந்ததாகவும் அதற்குத் தோன்றிற்று! பிதிர்களுக்குப் படைத்ததை அவர்கள் வந்து உண்டு செல்வர் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

1951 இல் வெளியான அவரது பரிசோதனை மிக எளியது. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். அம்மூன்றில் முதற்கோட்டுக்குச் சமமானது எதுவென, அறையிலுள்ள ஏழெட்டு இளைஞரும் ஒருவர்பின் ஒருவராக உரத்துச் சொல்லவேண்டும். குழந்தையும் தவறவிடாத காரியம். ஆனால் ஒருவர் தவிர ஏனையோரெல்லாரும் ஆஷினால் முன்கூட்டியே பயிற்றப்பட்டவர்கள். 18 தடவைகளில் 12 தடவை ஒருமித்து ஒரே பிழையைச் சொல்பவர்கள். ஏதுமறியாத அந்த ஒருவரின் முறை கடைசியை ஒட்டி வரும்.

தனியே இருந்து சொன்னோர் விடைகளில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழையாகவில்லை. கூட்டத்தின் நடுவிலோ, மூன்றில் ஏறக்குறைய ஒரு விடை கூட்டத்தின் பிழையையே பின்பற்றியது. நால்வரில் மூவர் ஒருதடவையேனும் இணங்கினர். இறுதிவரை இணங்காதாரும் நால்வரில் ஒருவர் இருந்தனர் என்பதைச் சொல்லாது விட்டு, மனிதரெல்லாம் ஆட்டுமந்தையே என்று முடித்துவிடுவோர் பலர், அது நியாயமன்று. சோதிக்கப்பட்டோர் அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர்களே என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

பின்னர் விசாரித்தபோது, கோடு அவ்வாறே தெரிந்தது என்றோர் மிகச் சிலர். இத்தனை பேர் தவறமாட்டார்கள், தம் கண்ணிலேயே ஏதோ கோளாறு என ஐயுற்றோரே மிகுதி. தாம் கண்டது சரியென்று தெரிந்தும், வேறுபட்டவராய்த் தோன்ற அஞ்சிக் கூட்டத்தோடு சேர்ந்தோரும் உளர். விடையை உரத்துச் சொல்லாது எழுத விட்டபோது பிழைகள் வெகுவாகக் குறைந்தன.

எதிர்நிற்பவர் ஒருவராயின் பொருட்படுத்துவாரில்லை; இருவராயின் சற்று அசைவர்; மூவரானதும் பாரம் ஏறக்குறைய முழுமையடைந்துவிடுகிறது. அதன்மேல் ஆட்தொகை கூடியும் பெரிய மாற்றமில்லை. பெரியம்மா, மாமி, அவர்களோடு ஒரு சித்தி, அவ்வளவே போதும்! ஆனால் அக்கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டாலோ, பிழைகள் காற்பங்காகச் சுருங்கிவிட்டன.

நம் வீடுகளில் மகளுக்கு வரன் பேசும் நாளை எண்ணிப் பார்க்கிறோம். பெரியப்பா சொல்லி, மாமா சொல்லி, அத்தை சொல்லி முடிந்தபின்னர்தான், "நீ என்ன சொல்கிறாய், பிள்ளை?" என்று அவளிடம் கேட்கிறோம். அவள் தலையசைத்தால் அதனைச் சம்மதமென்று எடுத்துக்கொள்கிறோம். முதலில் அவளைக் கேட்டிருந்தால் என்ன? அன்றேல் மாமாவேனும், "எனக்கு இது அவ்வளவு திருப்தியில்லை" என்று துணிந்து சொல்லியிருந்தால்?

ஆஷ் மேலும் ஒன்று செய்து பார்த்தார். சரியாகச் சொல்லிவந்த துணைவர் நடுவிற் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, தனித்து விடப்பட்டவரின் பிழைகள் சடுதியாக உயர்ந்தன. வேறொரு முறை, அத்துணைவர் கல்லூரி அதிகாரியைக் காணவேண்டுமென்று அறையை விட்டு எழுந்துபோகும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. அப்போதும் பிழைகள் கூடினவாயினும், அவ்வளவுக்குக் கூடவில்லை. எழுந்து போனவரின் துணை, அவர் போன பின்பும் அவ்வறையில் எஞ்சியிருந்தது.