யந்திரத் தாளமும் ராக ரசனையும்

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகப் பழைய நூல்கள் வகுத்துரைத்தன. அம்மலையின் அடிவாரமாகிய திருப்பதியிலும், அதற்குத் தென்மேற்கே உள்ள சித்தூரிலும் இன்று ஆந்திர மாநிலத்தவராய் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவாகும். இவ்வட்டாரத்தில் இசைக்கு எக்காலத்தும் பஞ்சம் இருந்ததில்லை. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பிறந்த மண் இது. எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் குரலில் 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த சுப்ரபாதம் இன்றும் விடியற்காலையில் இங்கே ஒலிக்கிறது. 1954ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, தம் ஊரின் பெயரைச் சங்கீத உலகம் முழுவதும் கொண்டு சென்றவர்.

இத்தகைய வீடுகளில் இப்போது வேறோர் ஓசையும் புகுந்திருக்கிறது. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் 'டெக்னோ' என்றும் 'ஹவுஸ்' என்றும் பெயர் சொல்லி, மின்னணு நடன இசைத் தொகுப்புகளை மணிக்கணக்கில் கேட்கிறார்கள். "இதுவும் ஒரு சங்கீதமா? அடித்ததையே அடித்துக்கொண்டிருக்கிறதே!" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை சொல்லுமுன் அவ்விசையின் இயல்பைச் சற்றே ஆராய்வது நலம்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மனியின் ட்யூசெல்டார்ஃப் நகரில் 1970இல் தோன்றிய க்ராஃப்ட்வெர்க் என்னும் குழுவினர், மின்னணுக் கருவிகளைக் கொண்டே முழு இசைத்தட்டுகளைப் படைத்தனர். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் சிலரும் இருந்தனர். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த அந்த நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் 1980களில் உருவாக்கிய இசையே டெக்னோ. அதே காலத்தில் சிகாகோ நகரின் நடன அரங்குகளில் ஹவுஸ் இசை பிறந்தது.

இவ்விசையின் தாளம் எளியது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 140 அடிகள் வரை விழும். தாளக் கருவியில் ஒரு சுற்று 16 சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதாவது நான்கு அடிகள், அடிக்கு நான்கு மாத்திரை. நம் ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்கள். சதுச்ர நடையில் அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரைகள். ஆகவே யந்திரத்தின் இரண்டு சுற்று, நமக்கு ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் இப்பொருத்தம் உடனே விளங்கும்.

அடுத்து, 'அடித்ததையே அடிக்கிறது' என்னும் குற்றச்சாட்டு. நம் கச்சேரி மேடையில் இடைவிடாமல் ஒன்றையே திரும்பச் சொல்லும் வாத்தியம் ஒன்று உண்டு, அதுதான் தம்பூரா. நான்கு தந்திகளை மாறாத வரிசையில் மீட்டுவதன்றி அது வேறொன்றும் செய்வதில்லை. ஆயினும் அதை எவரும் குறை கூறுவதில்லை. அடித்தளம் மாறாதிருந்தால்தான் அதன்மேல் எழும் சிறு அசைவையும் செவி பற்றிக்கொள்ளும். அலிபிரியிலிருந்து படியேறும் பக்தர்கள் கோவிந்த நாமத்தை ஓயாது சொல்லிச் செல்கிறார்கள். நாமம் ஒன்றேயாயினும், அதனைச் சொல்லும் மூச்சும் மனமும் படிக்குப் படி வேறாகின்றன. டெக்னோ இசையிலும் மாறாத அடியின்மேல் மாற்றங்கள் மெல்ல மெல்ல வருகின்றன. ஒரு ஜால்ரா ஓசை புதிதாய்ச் சேரும். சில சுற்றுகள் கழித்து அடித்தொனி விலகும். மங்கியிருந்த ஒரு ஸ்வரம் சிறிது சிறிதாய்க் கூர்மை பெறும். அம்மாற்றங்களைப் பின்தொடர்வதே இதன் ரசனை.

மின்னணு ஓசை நமக்குப் புதியதும் அன்று. பஜனை மடங்களிலும் பாட்டு வகுப்புகளிலும் மின்னணுச் சுருதிப் பெட்டி இடம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆயின. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் சிந்தசைஸர் நிறுவப்பட்டு, கீதா சாராபாய் முதலியோர் அதில் இசை அமைத்தார்கள்.

இவ்விசைக்குள் நுழைய விரும்பும் நம்மவர்க்கு மிகவும் பொருத்தமான வாயில், நம் நாட்டிலேயே உருவான ஓர் இசைத்தட்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாத்தியம் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை நடனத் தாளத்தில் அமைத்து 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்னும் பெயரில் வெளியிட்டார். அவர் பயன்படுத்தியவை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தார் செய்த மூன்று கருவிகள்: தாளத்துக்கு டி.ஆர். 808, அடித்தொனிக்கு டி.பி. 303, ராகத்தை வாசிக்க ஜூபிடர் 8. பாட்டு இல்லை, பக்கவாத்தியக்காரரும் இல்லை. ஒரு மனிதரும் மூன்று யந்திரங்களுமே அந்தக் கச்சேரி.

அதிலுள்ள ராகங்களில் பலவும் நமக்கு வேறு பெயரில் பழக்கமானவை. பூபாளி என்பது நம் மோகனம். யமன் நம் கல்யாணிக்கு நிகரானது. மால்கௌன்ஸ், ஹிந்தோளம். கலாவதி, வலஜி. பைராகி, ரேவதி. மேக் மல்ஹாரில் மத்யமாவதியின் சாயலைக் காணலாம். ஹிந்துஸ்தானி தோடியின் ஸ்வரங்கள் நம் தோடியைச் சார்ந்தவை அல்ல, சுபபந்துவராளியைச் சார்ந்தவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எஞ்சியவை பைரவி, லலித், மதுவந்தி.

இத்தொகுப்பை மூன்று முறை கேட்கலாம். முதன்முறை தாளத்தை மட்டும் பின்பற்றுக. இரண்டாம் முறை 303 கருவியின் அடித்தொனியைக் கவனிக்க. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி அக்கருவியில் உண்டு. நம் ஜாருவின் சிறு நிழலை அங்கே காணலாம். மூன்றாம் முறை ராகத்தை மட்டும் கேட்க. மோகனம் தெரிந்தவர் பூபாளியில் தொடங்குவது எளிது.

குறையும் உண்டு. கீபோர்டின் கட்டைகளில் கமகத்தின் நுட்பம் முழுமையாக வாராது. நின்று வளரும் ஆலாபனைக்கு ஓடும் தாளம் இடம் தருவதில்லை. ராகத்தின் முழு உருவத்தை இங்கே தேடுவோர் ஏமாற்றமடைவர். ராகத்தின் ஸ்வரக் கோவை, மாறாத தாளத்தோடு உராயும்போது எழும் புதுச் சுவையே இங்கே கிடைப்பது.

இந்த இசைத்தட்டு வெளிவந்த காலத்தில் வரவேற்புப் பெறவில்லை, விரைவில் மறக்கப்பட்டது. அதே 303 கருவியைக் கொண்டு சிகாகோவில் ஃபியூச்சர் குழுவினர் அமைத்த 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987இல் வெளிவந்து, 'ஆசிட் ஹவுஸ்' என்னும் புதிய வகைக்கே வழி வகுத்தது. 2010இல் நெதர்லாந்து நாட்டவர் சிங்கின் தட்டை மறுபதிப்புச் செய்தபோது உலகம் வியந்தது. சிகாகோ இசைக்கு இதுவே மூலம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஒரே கருவி இரு நாட்டவர் கையில் ஒத்த ஓசையைத் தந்தது என்பதே பொருந்தும். சிங் தம் முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் இதே இசையை வாசித்து, 2015இல் காலமானார். நம் நாட்டிலே பிறந்த ஒன்றை நாமே கேளாமல் விட்டு, 28 ஆண்டுகளுக்குப் பின் அயலார் எடுத்துக் கொடுக்கப் பெற்றுக்கொண்டோம் என்பது சிந்திக்கத் தக்கது. 'இது சங்கீதமன்று' என்ற அவசரத் தீர்ப்பின் விலை இதுதான்.

அடுத்த படியாக, க்ராஃப்ட்வெர்க் குழுவினரின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' என்பதைக் கேட்கலாம். ரயில் ஓட்டத்தின் தாளத்தில் அமைந்த அதன் தலைப்புப் பகுதி, ரயிலேறி ஊர் போய்வரும் நம்மவர்க்கு விளக்கமின்றியே புரியும். இத்தகைய தொகுப்புகளை இடையிற் புகுந்து கேளாமல், வரிசையாக, முழுவதும் கேட்பது முறை. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் கச்சேரியின் ஒழுங்கு போல, இவற்றிலும் ஏற்ற இறக்கம் திட்டமிடப்பட்டிருக்கும்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அடித்தொனி கேளாது. அது கேளாவிடில் இவ்விசையிற் பாதி இல்லை. நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்போனோ வேண்டும். ஆனால் ஓசையை மிகைப்படுத்தலாகாது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே செவிக்குத் தீங்கற்ற எல்லை என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஓசை கூடக் கூட அந்நேரம் வெகுவாகக் குறையும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு வீடே மொழிக்கும் இசைக்கும் பள்ளிக்கூடம். அங்கே பெரியவர் ஓர் அறையிலும் பிள்ளைகள் ஓர் அறையிலும் தத்தம் இசையோடு ஒதுங்கிவிட்டால், சுப்ரபாதம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடக் கூடும். ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளின் தட்டிலிருந்து பூபாளியைப் பெரியவர்கள் கேட்கட்டும். பின்னர், "இதுதானம்மா நம் மோகனம்" என்று பெரியவர்கள் பாடிக் காட்ட, பிள்ளைகள் கேட்கட்டும். ராகத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.