செய்தியாளர் எந்தக் கட்சி?

ஒரு செய்தி பிடிக்கவில்லை என்றால் அதை எழுதியவர் எந்தக் கட்சிக்காரர் என்று தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவருடைய பழைய முகநூல் பதிவு ஒன்று சிக்கினால் போதும், செய்தியைப் படிக்காமலே தீர்ப்பு எழுதிவிடலாம். செய்தியாளரின் சொந்தச் சாய்வுதான் செய்தியின் சாய்வாக வெளிவருகிறது என்ற அனுமானம் இதற்கு அடியில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்க அமெரிக்கா வசதியான இடம். அங்கே செய்தியாளர்களிடமே கட்சியைக் கேட்டு அரை நூற்றாண்டாகக் கணக்கெடுத்து வருகிறார்கள்.

1971இல் அமெரிக்கச் செய்தியாளர்களில் சுமார் 26 சதவீதம் பேர் தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்றார்கள். 2022இல் அப்படிச் சொன்னவர்கள் 3.4 சதவீதம் மட்டுமே. ஜனநாயகக் கட்சியினர் 36 சதவீதம்; எந்தக் கட்சியும் சாராதவர் என்று சொன்னவர்கள் பாதிக்கு மேல். இதைப் பார்த்தால், ஊடகங்கள் தங்களுக்கு எதிராகச் சாய்ந்தவை என்ற குடியரசுக் கட்சியினரின் புகாரில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு செய்தியாளரை அளந்ததே தவிர செய்தியை அளக்கவில்லை. 2020இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு வழியில் போனது. மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடப் போவதாக ஒரு கற்பனை வேட்பாளர் பெயரில், பேட்டி எடுக்க விருப்பமா என்று 13,000க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சிலருக்குப் போன கடிதத்தில் அந்த வேட்பாளர் இடதுசாரி, சிலருக்கு மிதவாதி, சிலருக்கு வலதுசாரி. கடிதம் பெற்றவர்களில் பெரும்பாலோர் இடப்பக்கம் சாய்ந்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு உறுதிசெய்தது. ஆனாலும் எந்த வேட்பாளருக்கும் பதில் குறையவுமில்லை, கூடவுமில்லை.

யாரைப் பற்றி எழுதுவது என்பதைத்தானே அது சோதித்தது, எப்படி எழுதுவது என்பதையல்லவே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு இராக் போர்ச் செய்திகளைப் பார்க்க வேண்டும். 'நியூயார்க் டைம்ஸ்' 1960 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே ஆதரித்து வந்த நாளிதழ். அப்படியிருந்தும் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் குடியரசுக் கட்சி அதிபர் புஷ் சொன்னதற்கு வலுச்சேர்க்கும் செய்திகள் அதில்தான் முதல் பக்கத்தில் வந்தன. வெளிநாடுகளில் இருந்த இராக்கியர்களும் பெயர் சொல்லாத அதிகாரிகளும் சொன்னதைப் போதிய அளவு சரிபார்க்காமல் விட்டோம் என்று 2004 மே மாதம் அந்த நாளிதழே வருத்தம் தெரிவித்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' கதை இன்னும் விசித்திரம். அதன் அப்போதைய ஆசிரியர் லெனர்ட் டவுனி நடுநிலை கெடக் கூடாது என்பதற்காக வாக்களிப்பதையே விட்டவர். பாராட்ட வேண்டிய வைராக்கியம்தான். ஆனால் போருக்கான காரணங்களைச் சந்தேகித்த கட்டுரைகள் அவர் காலத்தில் உள்பக்கங்களில் ஒதுங்கின. அதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இடதுசாரிச் சாய்வு அங்கே காப்பாற்றவில்லை. ஓட்டுப் போடாத விரதம் இங்கே காப்பாற்றவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் தரும் தகவலை நம்பிப் பிழைக்கும் தொழில் பழக்கம் இரண்டையும் தாண்டி வேலை செய்தது.

சாய்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ஜென்ட்ஸ்கோ, ஷாப்பிரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களின் சொற்களை, இரு கட்சி உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் பயன்படுத்தும் சொற்களோடு ஒப்பிட்டார்கள். அந்தந்த ஊர் வாசகர்களின் அரசியலை ஒட்டியே நாளிதழின் மொழியும் சாய்ந்திருந்தது. உரிமையாளர் யார் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. தொலைக்காட்சியில் நிலைமை வேறு. 2017இல் சின்க்ளேர் நிறுவனம் சில உள்ளூர் நிலையங்களை வாங்கிய சில மாதங்களுக்குள் அவற்றில் உள்ளூர்ச் செய்தி குறைந்து தேசிய அரசியல் கூடியது, பேச்சு வலப்பக்கம் நகர்ந்தது. அதே ஊர்களின் மற்ற நிலையங்களில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. அங்கு மாறியது முதலாளி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே எந்தச் சேனல் எந்தக் கட்சியுடையது என்பது எல்லோரும் அறிந்தது. 2007 மே மாதம் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் டிவி குழுமத்தின் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்தது. அதுவரை திமுகவின் குரலாக இருந்தது சன் டிவி. அதே ஆண்டு செப்டம்பரில் திமுக தரப்பில் கலைஞர் டிவி தொடங்கப்பட்டது. பிளவு வந்த வாரத்தில் சன் டிவி செய்திப் பிரிவில் இருந்தவர்களின் கொள்கை மாறியிருக்கும் என்று யாரும் நம்பப் போவதில்லை.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒரே மாதிரியானவர்கள் கூடி உட்கார்ந்தால், ஒருவரும் கெட்ட எண்ணம் வைக்காமலே சில கேள்விகள் எழாமல் போகும். 2016இல் டிரம்ப் வெல்வார் என்பதை அமெரிக்கத் தேசிய ஊடகங்களில் பெரும்பாலானவை எதிர்பார்க்கவில்லை. இந்தியாவில் இது இன்னும் கூர்மையான விஷயம். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற தலித் செய்தியாளர் ஒருவரையாவது தேடி, ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாகவே ஏற்கிறேன். ஆனால் இது தனியொரு செய்தியாளரின் கட்சியைத் துப்பறிவதற்கான நியாயம் ஆகாது. யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், யாருக்கு ஆசிரியர் நாற்காலி கிடைக்கிறது என்பதெல்லாம் நிறுவனத்தின் முடிவுகள். ஒருவரின் முகநூலைத் தோண்டுவதால் அந்த முடிவு எதுவும் மாறாது. அவரும் அடுத்த முறை தன் கருத்தை மறைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த முறை ஒரு செய்தி உறுத்தினால், எழுதியவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை விட்டுவிடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டார்களா என்று பாருங்கள். பெயர் சொல்லாத 'வட்டாரங்கள்' தவிர வேறு ஆதாரம் உண்டா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் முதலாளிக்கு அந்தச் செய்தியில் என்ன ஆதாயம் என்பதையும் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.