தாத்தாவின் ஜரிகை வேட்டியை எடைக்குப் போடலாமா? வாங்குவது, கட்டுவது, காப்பது எப்படி?

ராஜபாளையத்தில் இருந்து சேத்தூர் வழியாக தேவதானம் போனால், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இருக்கிறது. சோழ மன்னன் பாண்டியனுக்கு நஞ்சு தடவிய ஆடையைப் பரிசாக அனுப்பினான், சிவன் பாண்டியனைக் காப்பாற்றினார், அதனால்தான் இந்தப் பெயர் என்கிறது தல வரலாறு.

இன்றைக்கு ஆடையில் யாரும் நஞ்சு தடவுவதில்லை. ஆனால் விசைத்தறி வேட்டியைக் கைத்தறி என்றும், பாலியெஸ்டர் கலந்ததைச் சுத்தப் பருத்தி என்றும் விற்பது நடக்கிறது. இன்னொரு பக்கம், வீட்டுப் பெட்டியில் இருக்கும் நிஜமான பழைய வேட்டி, அங்கவஸ்திரம் எல்லாம் ‘பழைய பட்டு, ஜரிகை வாங்குறோம்’ என்று தெருவில் வருபவர்களிடம் எடைக்குப் போகின்றன. இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். எதைப் பார்த்து வாங்கணும், இருப்பதை எப்படி வச்சுக்கணும்?

நூல் ஊரில் வேட்டி எங்கே?

ராஜபாளையம் நூலுக்குப் பேர் போன ஊர். இங்கே ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கப்பட்டது. பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றவை. ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கம் கைத்தறி என்றாலே பருத்திச் சேலைதான் நினைவுக்கு வரும்.

ஆண்களுக்கான கைத்தறி வேட்டி வேண்டும் என்றால் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் நம்பகமான இடங்கள். பட்டு வேட்டி என்றால் புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இருக்கிறது. பழைய வேட்டிகள் கடைக்கு அதிகம் வருவதில்லை. அவை பெரும்பாலும் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும்.

கைத்தறியா, விசைத்தறியா?

முதலில் ஓரத்தைப் பாருங்க. குறுக்கு இழை ஓரத்தில் திரும்பி மறுபடி உள்ளே போயிருக்கணும். வெட்டி விட்ட குஞ்சம் மாதிரி நூல்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது நாடா இல்லாத நவீனத் தறியில் நெய்தது. ஆனால் ஓரம் மூடியிருப்பதை மட்டும் வைத்துக் கைத்தறி என்று முடிவு கட்ட முடியாது. நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் ஓரம் மூடித்தான் இருக்கும்.

அடுத்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கைத்தறியில் நெருக்கம் அங்கங்கே லேசாகக் கூடும், குறையும். துணியை அகலவாட்டில் இழுத்துப் பிடிக்கக் குச்சி வைப்பார்கள். அதன் ஊசிமுனை பட்ட சிறு துளைகள் ஓரத்தில் தெரியலாம். அச்சுப் போட்ட மாதிரி முழுக்க ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம்.

புது வேட்டியில் 2006-ல் அறிமுகமான ‘கைத்தறி முத்திரை’ இருக்கிறதா என்று கேளுங்க. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட வகை வேட்டி, சேலை உட்பட 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்றால், நாம் கொடுக்கும் கூடுதல் விலை நெசவாளருக்குப் போய்ச் சேராது.

பருத்திதானா?

ஓரத்தில் இருந்து ஒரு இழையை உருவி, எரித்துப் பாருங்க. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகி, கடினமான உருண்டையாகிவிடும்.

80, 100 கவுண்ட் என்றால் என்ன?

நூலின் மெல்லிசுக்கான அளவு அது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள எத்தனை சிட்டங்கள் கிடைக்கின்றன என்பதே கவுண்ட். 40 கவுண்டில் ஒரு கிராம் பஞ்சு ஏறக்குறைய 68 மீட்டர் நூலாகிறது. 100 கவுண்டில் சுமார் 169 மீட்டர். எண் கூடக் கூட வேட்டி மெல்லிசாகும், விலையும் ஏறும். தினமும் கட்ட, அடிக்கடி துவைக்க 40, 60 கவுண்ட் தாங்கும். விசேஷத்துக்கு 80, 100 எடுக்கலாம்.

எந்த அளவு?

ஒரு முழம் சுமார் 45 செ.மீ. நாலு முழம் ஒற்றை வேட்டி. எட்டு முழம் இரட்டையாக மடித்துக் கட்டுவது. உள்ளே தெரியாது, இழுவையும் இரண்டு அடுக்கில் பரவும். ‘9×5’ என்றால் ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்த செட். பஞ்சகச்சத்துக்கு வாங்குவது இதைத்தான்.

வேட்டி கட்டினால் கிளப்புக்குள் விடமாட்டார்களோ என்ற பயமும் வேண்டாம். 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப் வேட்டிக்காகத் தடுத்தது. அதே ஆண்டு தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

பழைய வேட்டியைக் கட்டலாமா?

முதலில் மடிப்புக் கோடுகளைச் சோதிக்கணும். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த துணி அந்தக் கோட்டில்தான் கிழியும். விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்ட இடம் தெரிந்துவிடும். பருத்தி உறுதியாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம். ஆனால் முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுவது, பெல்ட் போட்டு இறுக்குவது வேண்டாம். பட்டு பொரபொரவென்று ஆகியிருந்தால் இடுப்பில் கட்டாமல் அங்கவஸ்திரமாகத் தோளில் போட்டுக்கொள்வது நல்லது.

பழைய அசல் ஜரிகை என்பது பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கப் பூச்சு கொடுத்தது. எடைக்கு வாங்குபவருக்கு அந்த உலோகம் மட்டும்தான் கணக்கு. துணியை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். நெய்தவரின் உழைப்புக்கு அந்த விலையில் ஒரு பைசா கிடையாது. ஜரிகை கறுத்துவிட்டதே என்று விற்க நினைத்தால் ஒரு நிமிஷம் யோசிங்க. வெள்ளி இருந்தால் கறுக்கத்தான் செய்யும்.

துவைப்பது, வைப்பது

● புது வேட்டியைக் கட்டும் முன் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் நெசவுக் கஞ்சி போய்விடும். கலர் கரை இருந்தால் முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் துவையுங்க.

● மஞ்சள் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடாதீங்க. பருத்தி இழை பலவீனமாகும். பட்டும் ஜரிகையும் கெட்டுவிடும்.

● சொட்டு நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே வேட்டியை முக்கணும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

● கட்டப்போகும் வேட்டிக்குக் கஞ்சி போடலாம். பெட்டியில் வைக்கப்போவதற்குக் கூடாது. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு.

● ஜரிகை மேல் சென்ட் அடிக்க வேண்டாம். இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துக்கோங்க.

● பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும். துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்க. அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

● மூன்று மாசத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்க.

பிசிறு விட்டாலோ சின்னதாகக் கிழிந்தாலோ உடனே இழையோட்டித் தைத்துவிட்டால் கிழிசல் பரவாது. இனிக் கட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்த பருத்தி வேட்டிக்கும் நம் வீடுகளில் வேலை இருக்கிறது. துவைத்துத் துவைத்து மிருதுவான அந்தத் துணியில்தான் குழந்தைக்குத் தூளி கட்டுவார்கள்.